பொடக்காளியில் நின்ற நீதிபதி

“…மிச்சமெல்லாம் நீங்க எழுதுனபடியே இருக்கட்டுங்க்கா, அதுல நான் ஒரு எழுத்துக்கூடக் கை வெக்க மாட்டேன். அந்த ஒத்த வரிய மட்டும் எடுத்துப்போடுங்க.”

ஜீப்புக்காரர் இதைச் சொன்னது என் கடையில், ஜெராக்ஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. ஜீப்புச் சாவியை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுற்றுவார், நிறுத்துவார், மறுபடி சுற்றுவார். மேசைமேல் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கை நாற்பத்தெட்டுப் பக்கமாகக் கிடந்தது. அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்த்துச் சரிசொல்ல வேண்டிய ப்ரூஃப். கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ஜட்ஜாக இருந்தவர்.

கடையில் இருக்கிற ஒரே ஸ்டூலில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்தவர். அவர் யாரென்று இவருக்குத் தெரியாது. இவர் எடுக்கச் சொல்கிற வரிக்காகத்தான் அந்த அக்கா நாலு தடவை பஸ் ஏறி வந்திருந்தார். எனக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

இந்த இக்கட்டில் நான் எப்படிப் போய் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் கடை கோர்ட்டுக்கு எதிரில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், வாக்குமூலம், மனு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் உண்டு. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு இந்த வாசலில் வந்து உட்கார்ந்தவள்தான். இங்கிலீஷ் எனக்கு விரல் வழியாக வந்தது. வக்கீல்கள் எழுதிக் கொடுத்ததை அர்த்தம் தெரியாமல் பத்து வருடம் அடித்தேன். பதினோராவது வருடம் ஒருநாள் அடித்துக்கொண்டே இருக்கையில் அர்த்தம் தெரிந்தது. அன்றைக்கு ஒரு பாவப்பட்ட மனிதரின் வீட்டை ஏலம் விடச் சொல்லும் மனுவை அடித்துக்கொண்டிருந்தேன். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

கோர்ட்டு வாசலில் உட்கார்ந்தவளுக்குச் சொலவடைக்குப் பஞ்சமில்லை. “ஜெயிச்சவனுக்குச் செருப்புத் தேஞ்சிருக்கும், தோத்தவனுக்குச் செருப்பே இருக்காது” என்றார் பரமத்தி வேலூரிலிருந்து வந்த ஒரு வெற்றிலைத் தோட்டக்காரர். “வக்கீலூட்டு நாயும் வாய்தா வாங்கித்தானுங்க கொரைக்கும்” என்றது இன்னொருத்தர். பாழான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. சிலர் சில்லறைக் காசைப் போட்டு வைக்கிறார்கள், அது போல.

ஜீப்புக்காரர் போர் போடும் ரிக் வண்டி மூன்று வைத்திருப்பவர். திருச்செங்கோட்டுப் பக்கம் வீடு. வண்டிகள் பாதி நாள் வடநாட்டில் ஓடும், ஆகவே கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்துக்குக் குறைவில்லை; அப்படித்தான் பழக்கம். வந்தால் கடை கலகலப்பாகும். ஒருநாள் காகித உறையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். கோட்டு, தலைப்பாகை, மடித்த அங்கவஸ்திரம். நாற்காலி இருந்தும் அதில் உட்காராமல் அதன் முதுகில் கை வைத்து நிற்கிற மனிதர்.

“எங்க கொள்ளுத்தாத்தனுங்க்கா. ஜட்ஜு. நாலு ஜில்லாவ ஆண்டவரு. எங்க பூர்வீக ஊருக் கோயில்ல குடமுழுக்கு வருது. பதினெட்டுப் பட்டிக்கும் பொதுக் கோயிலு. அன்னைக்கு இவரு வரலாற புஸ்தகமா வெளியிடறமுங்க. நீங்கதான் எழுதோணும்.”

“நான் மனு எழுதறவளுங்க தம்பி.”

“மனுவாட்டமே எழுதுங்க. எல்லாரும் நம்பற மாதிரி இருக்கும்.”

அவர் வீட்டில் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதில் இருந்ததையும், பெரியவர்கள் சொன்னதையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஜட்ஜின் அப்பா அம்மாவைப் பற்றி வீட்டில் “வைத்தியர் பரம்பரை” என்று மட்டும் சொன்னார்கள். அதற்குமேல் கேட்டால் காப்பி வந்தது. ஊரில் ஒன்பது மைல் நடந்து போய்ப் படித்தார். படித்து முடித்ததும் ஒரு முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை. முத்து மாதிரி கையெழுத்து. தீர்ப்பை நகல் எடுத்து எடுத்தே சட்டம் படித்திருக்கிறார். இதைப் பெட்டியில் கிடந்த ஒரு நோட்டில் பார்த்தபோது, முன்பின் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்குச் சொந்தம் உண்டாகிவிட்டது. விரல் வழியாகப் படித்தவர்.

யாரோ ஒரு வக்கீல் கைதூக்கிவிட, சென்னைப்பட்டணம் போய்ப் பரீட்சை கொடுத்துத் தேறினார். வக்கீலானார், பிறகு முன்சீப். வருடத்துக்கு ஓர் ஊர் என்று மாற்றல். தெலுங்கு பேசும் ஊர், மலையாளம் பேசும் ஊர், காய்ச்சல் ஊர். ஒரு காய்ச்சல் ஊரில் மூத்த பிள்ளை போய்விட்டது. பிறகு சப் ஜட்ஜ், கடைசியில் ஜில்லா ஜட்ஜ். பென்ஷனோடு திரும்பி வந்தார், ஆனால் ஊருக்கு வரவில்லை. சேலத்தில் வீடு வாங்கி, அங்கேயே இருந்து, அங்கேயே முடிந்தார்.

அவரைப் பற்றி வீட்டில் சொல்லும் பேச்சுகள் எனக்குப் பிடித்திருந்தன. பட்டிக்காட்டுச் சாட்சி ஏறினால் வக்கீல் குறுக்கே பேசக் கூடாது. “கூட்டறவன் வாசல் வரைக்கும் கூட்டட்டும், குப்பைய அப்புறம் பாக்கலாம்” என்பாராம். சாட்சி சொன்ன தமிழ்ச் சொல்லுக்குச் சரியான இங்கிலீஷ் கிடைக்காவிட்டால், அதே சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே எழுதிவிடுவார். மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் இதற்காக எழுதிக் கேட்டதாகவும், இவர் “அந்தச் சொல்லுக்கு வேறு சொல் இல்லை” என்று ஒரே வரியில் பதில் எழுதியதாகவும் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். முகாம் போன ஊரில் யார் வீட்டிலும் சாப்பிட மாட்டார். சொந்தக் கூஜா, சொந்த டம்ளர். யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று முறை சொன்னால்தான் உட்காருவார். “அவ்வளவு ஒழுக்கமுங்க்கா” என்றார் ஜீப்புக்காரர். நானும் ஒழுக்கம் என்றே டைப் அடித்தேன். அடித்த பிறகு அந்தச் சொல் நாலு நாள் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் குடும்பத்துக்கு மிகவும் பிடித்த கதை கற்பூரக் கேஸ். யார் சொன்னாலும் எழுந்து நின்றுதான் சொன்னார்கள். ஜட்ஜ் அப்போது முன்சீப். சொந்தத் தாலுகாவில் போஸ்டிங் கொடுக்க மாட்டார்கள் என்றாலும், அங்கிருந்த முன்சீப் லீவில் போன இரண்டு மாதம் இவருக்குப் பொறுப்பு வந்தது. அப்போது ஒரு கிணற்று வழக்கு. புருஷன் செத்துப்போன ஒரு பெண்ணுக்கும் அவளுடைய மச்சாண்டாருக்கும், அதாவது புருஷனின் அண்ணனுக்கும், தண்ணீர் இறைக்கும் முறையில் தகராறு. மச்சாண்டார் கோர்ட்டில், “அவ கோயில்ல கற்பூரம் அணைச்சு, பாதி முறை எனக்குப் பாத்தியம்னு சத்தியம் பண்ணட்டும், நான் ஒப்புக்கறேன்” என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்துச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால், சொன்னது செல்லும். ஜட்ஜ் அந்தப் பெண்ணை மூன்று முறை கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. கற்பூரம் கொண்டுவரச் சொன்னதுமே அவள் முகம் செத்துவிட்டது, ஜட்ஜ் பொய்க்காரியைக் கண்டுபிடித்துவிட்டார், தீர்ப்பு மச்சாண்டார் பக்கம். இதுதான் கதை.

நன்றாகத்தான் இருந்தது. அத்தியாயமாக எழுதியும் விட்டேன். ஆனாலும் இத்தனை வருடம் தீர்ப்பு அடித்தவளுக்கு ஒரு சந்தேகம். முகம் செத்துப்போனதை வைத்துக்கொண்டு எந்த ஜட்ஜும் தீர்ப்பு எழுத மாட்டார்.

அந்த வாரத்தில்தான் அக்கா கடைக்கு வந்தார். மரவள்ளி போட்டிருக்கிற விவசாயி. பயிர்க் காப்பீட்டுக்கு ஆதார் நகல் வேண்டும். நான் கம்ப்யூட்டரில் கற்பூர அத்தியாயத்தை மூடாமல் மிஷினுக்குப் போனேன். திரும்பினால் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அந்தக் கற்பூர ஜட்ஜுதானுங்க அம்மிணி?”

“உங்களுக்குத் தெரியுமாங்க?”

“எங்க ஊட்டுக்கே அவருதானுங்க பேரு வெச்சாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு ஆதாரை வாங்கிப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உட்கார்ந்தார்.

ஊரில் அந்த வீட்டுக்குப் பெயர் ‘கற்பூரத்துக்குப் பயந்த ஊடு’. சத்தியம் செய்ய மறுத்த அந்தப் பெண் இவருடைய அப்பாவின் அப்பத்தா. மாரியம்மன் நோன்பின்போது ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலிலிருந்து கற்பூரத் தட்டு புறப்படும். முறைப்படி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். அந்த வீட்டுக்காரர் கற்பூரம் ஏற்றுவார், தட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

“எங்க வாசல்ல நிக்காதுங்க. தாண்டிப் போயிரும். எங்கய்யன் காலத்துலயும் தாண்டுச்சு, எனக்கும் தாண்டுது. மொதல்லயெல்லாம் அன்னைக்கு ஊட்டப் பூட்டிட்டு மேட்டூருக்குப் போயிருவம். இப்ப போறதில்ல. கதவத் தெறந்து வெச்சுட்டு உள்ள உக்காந்து டிவி பாக்கறது.”

“ஏனுங்க அவங்க சத்தியம் பண்ணலை?”

“எங்க அப்பாரு, எங்கய்யனோட அய்யன், அப்ப வயித்துல. புள்ளத்தாச்சி கற்பூரம் அணைக்கலாமுங்களா? நெசத்துக்குப் பண்ணுனாலும் வயித்துல இருக்கறதத் தாக்கும்பாங்க. ஊர்ல சொன்னா, ‘அது நீங்களாக் கட்டுன கதை’ங்கறாங்க.”

இப்போது அவர் பதறுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அதே கோயில் குடமுழுக்கோடு, எந்தெந்த வீட்டுக்குக் கற்பூர முறை உண்டென்று கல்லில் வெட்டி வைக்கப் போகிறார்கள். இவர் போய்க் கேட்டிருக்கிறார். கோயில் பெரியவர்கள், “ஜட்ஜு புஸ்தகம் வருதாமா. அதுல என்ன போட்டிருக்குதோ அத வெச்சுப் பாத்துக்கலாம்” என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

“கல்லுல ஏறிட்டா அப்புறம் எறக்க முடியாதுங்க அம்மிணி.”

என் கம்ப்யூட்டரில் அவர் வீட்டுப் பெண்ணைப் பொய்க்காரி என்று நான் அடித்து வைத்திருந்தேன். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவும் இன்னும் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனார். கோர்ட்டில் நகல் மனு போட்டேன், அவ்வளவு பழைய கட்டு கிடைக்கவில்லை என்று வந்தது. வாதியான மச்சாண்டாரின் வக்கீல் வம்சம் சேலத்தில் இருப்பதாக ஒரு குமாஸ்தா சொன்னார். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு மூன்று முறை அலைந்தேன். ஒரு மளிகைக் கடை மாடியில் அந்த வீட்டுப் பேரனைப் பிடித்தேன். அவரும் வக்கீல்தான். “எங்க தாத்தா ஜெயிச்ச கேஸ் மட்டும்தான் கட்டி வெச்சிருக்காரு. தோத்ததெல்லாம் வெந்நீர் போட்டாச்சு” என்றார். நல்லவேளை, இது ஜெயித்த கேஸ். பரண்மேல் துணியில் சுற்றிய கட்டில் தீர்ப்பின் நகல் இருந்தது. அதே மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மிளகாய் நெடி. கண்ணில் நீர் வந்ததற்கு மிளகாயைச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பெண் தோற்றது நிஜம். மச்சாண்டாரிடம் ரிஜிஸ்தர் ஆன பாகப் பத்திரம் இருந்தது, இவளிடம் வாய்ப்பேச்சு மட்டும் இருந்தது. பத்திரம் ஜெயித்தது. கற்பூரத்தைப் பற்றி ஜட்ஜ் எழுதியிருந்தது வேறு. தமிழில் இப்படி வைத்தேன்:

‘முதல் பிரதிவாதி கர்ப்பிணி என்பது இங்குள்ள எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தப் பக்கத்து ஊர்களில் அந்த நிலையில் உள்ள பெண், உண்மையான விஷயமே ஆனாலும், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய மாட்டாள். இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததன்று. என் தாய் இத்தகைய வீடுகளுக்குள் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கையில், சிறுவனாகிய நான் அவ்வீடுகளின் பொடக்காளியில் காத்து நின்றிருக்கிறேன். இவளுடைய மறுப்பிலிருந்து நான் எதையும் ஊகிக்கவில்லை.’

பொடக்காளி என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்புறம். சாம்பலும் கழுநீரும் கொட்டுகிற இடம். வழக்கப்படி அந்தச் சொல்லை மட்டும் ஜட்ஜ் இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே எழுதியிருந்தார். கூஜாவும், மூன்று முறை சொன்னால் உட்காருவதும் அப்போது எனக்குப் புரிந்தது. பிரசவத்துக்குக் கூப்பிடுகிற வீடுகள் அந்தத் தாயை முன்வாசலில் விட்டதில்லை. பையனை உட்காரச் சொன்னதில்லை. ஒழுக்கம் என்று அடித்த வரியை அன்றைக்கே அழித்தேன். கற்பூர அத்தியாயத்தையும் அடியோடு மாற்றி எழுதினேன். தீர்ப்பின் பகுதி முப்பத்தோராம் பக்கத்தில் வந்தது. ப்ரூஃபை ஜீப்புக்காரருக்கு அனுப்பிவிட்டு, சேலத்து அச்சாபீஸில் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். “அவரே எழுதி வெச்சிருக்காருங்களா” என்றார். அவ்வளவுதான். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இனி, ஜீப்புக்காரர் அந்த ஒத்த வரியை எடுக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

“நான் எழுதலைங்க தம்பி. உங்க தாத்தாவே எழுதியிருக்காரு” என்றேன்.

“அவரு எழுதுனாரு, இங்கிலீஷ்ல. யாரு படிச்சா?” என்றார். “அன்னைக்குக் கோயில்ல எனக்குப் பரிவட்டம் கட்டறாங்க. மேடையில பதினெட்டுப் பட்டிக்காரனும் உக்காந்திருப்பான். எங்க தாத்தன் உங்க ஊட்டுக் கழனித்தொட்டிகிட்ட நின்னாருன்னு நானே மைக்குல படிக்கறதுங்களா?”

“அவங்களுக்குத் தெரியாததா?”

“தெரியறது வேறீங்க, மைக்குல சொல்றது வேற.”

மற்ற நாளாக இருந்தால் தாளைத் திருப்பி அதை எழுதி வைத்துக்கொண்டிருப்பேன்.

“அந்த வரியை எடுத்தா அடுத்த வரி நிக்காதுங்க. இது அவருக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க.”

“மருத்துவர் குடும்பம்னு போடுங்க.”

“மருத்துவர்னா கழுத்துல குழாய் மாட்டுனவருதான் ஞாபகம் வருவாரு. அவருக்குக் கற்பூரம் எங்கிருந்து தெரியும்?”

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. உடனே அதை விழுங்கினார். “செரி, அப்ப அந்தக் கேஸே வேண்டாம். அத்தியாயத்தையே எடுத்துருங்க. நாப்பத்தஞ்சு பக்கத்துக்கு வரட்டும், புஸ்தகம் ஒண்ணும் எளைச்சுப் போவாது.”

நான் அக்காவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

“இவங்க யாருங்க்கா?”

அக்கா எழுந்தார். பை மடியிலிருந்து சரிந்தது, எடுக்கவில்லை. “நாந்தானுங்க அந்த ஊடு.”

“எந்த ஊடு? கற்…” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சொல்லுங்க சாமி. கற்பூரத்துக்குப் பயந்த ஊடு. கேட்டுக் கேட்டு எங்க ஊட்டு நாயி கூடத் திரும்பிப் பாக்கும்.”

அவருக்கு முகம் கறுத்தது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். சின்ன வயதிலிருந்து அவர் எழுந்து நின்று சொன்ன கதையின் பொய்க்காரி வீடு, ஒரு கை தூரத்தில் ரப்பர் செருப்போடு நின்றது.

“அம்மா, நான் உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றனுங்க” என்றார். “கேஸையே எடுத்துட்டா உங்க ஊட்டப் பத்திப் புஸ்தகத்துல ஒண்ணுமே இருக்காது. ரெண்டு பேருக்கும் நல்லது.”

“ஒண்ணுமே இல்லைன்னா பழைய பேரு இருக்குமுங்களே.”

“பேருதானுங்களே.”

“உங்களுக்குப் பேரு. எனக்கு வாசலுங்க. தட்டு வந்து நிக்கோணும், அவ்வளவுதான். ஒரு நிமிசம் நின்னுட்டுப் போகட்டும். எங்கய்யன் அதுக்குன்னே வருசா வருசம் கற்பூர டப்பா வாங்கி வெப்பாரு. தட்டு தாண்டுனதும் எடுத்து உள்ள வெச்சிருவாரு.”

எதிரே கோர்ட்டு வாசலில் டவாலி யாரோ ஒருவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் போகவில்லை.

“என்ற தாத்தன் உங்களத் தோக்கடிச்சவரு” என்றார் ஜீப்புக்காரர். “அதுக்கு இன்னைக்கு நான் பொடக்காளிக்குப் போகோணுமுங்களா?”

“அவரு பத்திரத்தப் பாத்தாரு. பத்திரம் அவங்ககிட்ட இருந்துச்சு. அதுல எனக்கு வருத்தமில்லீங்க.” அக்கா குனிந்து பையை எடுத்தார். தூசியைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். “ஜட்ஜோட ஆத்தா எங்க ஊட்டுக்கும் வந்திருப்பாங்க. சுத்துப்பட்டுக்கு அவங்க ஒருத்தங்கதான்னு சொல்லுவாங்க. எங்க அப்பாரத் தூக்கி எடுத்ததும் அவங்க கையாத்தான் இருக்கும். எங்க ஊட்டுக்காரங்களும் அவங்கள முன்வாசல்ல கூப்புட்டிருக்க மாட்டாங்க. அந்தப் புத்தி எங்களுக்கும் இல்ல. வேணும்னா அதையும் போட்டுக்கங்க. எங்க ஊட்டுப் பேரு போட்டே போட்டுக்கங்க.”

நான் கீபோர்டில் கை வைத்தபடி இருந்தேன். அவரை நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவும் இல்லை. இத்தனை வருடம் இந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். தன் பக்கத்துத் தப்பைத் தானாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த பார்ட்டியை நான் பார்த்ததில்லை.

“அந்தப் பத்திய இன்னொருக்காப் படிங்க்கா” என்றார் ஜீப்புக்காரர்.

படித்தேன். ‘என் தாய்’ என்ற இடத்தில் இருமிவிட்டுப் படித்தேன். அவர் கேட்டுக்கொண்டு மிஷினின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். படித்து முடித்ததும், “எத்தன வயசு இருக்கும் அவருக்கு, அப்பிடி நிக்கறப்ப?” என்றார்.

“தெரியலைங்க. ஏழோ எட்டோ.”

“குளுருல கூட நிக்கோணும் இல்லீங்க. பிரசவம் நேரம் பாத்தா வருது” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அக்கா “ஆமாங்க” என்றார்.

பிறகு மேசைக்கு வந்தார். என் பேனா ஸ்டாண்டிலிருந்து ஒரு நீலப் பேனாவை உருவினார். அவர் முப்பத்தோராம் பக்கத்துக்குப் போகவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி, அதன் அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டாம் பக்கத்தின் அடியில் போட்டார். மூன்று, நாலு. புத்தக ப்ரூஃபுக்கு அப்படியெல்லாம் வேண்டாம், கடைசித் தாளில் ‘சரி’ என்று எழுதினால் போதும். என் கடையில் அவர் இதுவரை கையெழுத்துப் போட்டதெல்லாம் வாக்குமூலம். அதில் பக்கத்துக்குப் பக்கம் போட்டால்தான் எழுதியது எல்லாம் நான் சொன்னதே என்று ஆகும். அந்தப் பழக்கத்தில் போடுகிறார். நான் தடுக்கவில்லை. பத்து, பதினைந்து, இருபது. நின்றபடியே, படிக்காமல், வேகமாக. அக்காவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்று வந்தது. பேனா நின்றது. அவர் அந்தப் பத்தியை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார், உதடு அசைய. ‘பொடக்காளி’ என்ற இடத்தில் விரல் சற்று நேரம் இருந்தது. பிறகு தாளின் அடிக்குக் கையைக் கொண்டுபோய், மற்றப் பக்கங்களில் இனிஷியலோடு சுருக்கிப் போட்டதை இதில் மட்டும் முழுப் பெயராக எழுதிக் கையெழுத்திட்டு, முப்பத்திரண்டைத் திருப்பினார்.